நம் பிள்ளைகள் மட்டும்தானா பிள்ளைகள்?

"நம்ம பசங்க நல்லாத்தானே இருக்காங்க?" பெருந்தொற்றுக் காலத்துப் பள்ளிகளைப் பற்றி நம்மவர் கூடும் இடங்களில் யார் பேச்செடுத்தாலும் இந்த ஒரு கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கேட்பவர் பொய் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் எட்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள், பலர் நல்ல கல்லூரிகளில். ஓராண்டுக்கு மேல் படுக்கையறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து படித்ததன் தடயம் அவர்களுடைய மதிப்பெண்களில் இல்லை. எனக்கு அந்தக் கேள்வியில் உறுத்துவது 'நம்ம' என்ற முதல் சொல்தான்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியது சரி. நியூ ஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி மார்ச் 18 முதல் பள்ளிகளை மூட உத்தரவிட்டார். மே மாதம் முடிவதற்குள் இந்தச் சின்ன மாநிலத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். நோய் எப்படிப் பரவுகிறது, குழந்தைகளை என்ன செய்யும், குழந்தைகள் வழியாக யாரை என்ன செய்யும் என்று தெரியாத வாரங்கள் அவை. அந்த வாரங்களில் மூடியவர்களைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. என் வழக்கு அதற்கு அடுத்த கல்வியாண்டைப் பற்றியது.

அந்த ஆண்டு தொடங்கும்போது நாம் முழு இருட்டில் இல்லை. டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்றே சிறு குழந்தைகளுக்குப் பள்ளிகளைத் திறந்துவிட்டது. ஜூன் கடைசியில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம், பிள்ளைகளை வகுப்பறைக்கு நேரில் கொண்டுவருவதே குறிக்கோளாக இருக்க வேண்டும் என்று சொன்னது. ஜூலை 6 அன்று அதிபர் ட்ரம்ப், பள்ளிகள் திறந்தே ஆக வேண்டும் என்று பெரிய எழுத்துகளில் ட்விட்டரில் முழங்கினார். அதன் பிறகு மருத்துவர்கள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. திறக்கச் சொன்னவர் ட்ரம்ப் ஆள், மூடச் சொன்னவர் அறிவியலின் ஆள் என்று ஆகிவிட்டது. ஒரு குழந்தையின் வகுப்பறை கட்சிச் சின்னமாக மாற ஒரு வாரம்கூட ஆகவில்லை.

நாம் அதிகம் வாழும் மூன்று இடங்களும் இந்தக் கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொன்னன. மூன்று பதில்களும் கோணல் என்பதுதான் என் வாதம்.

நியூ ஜெர்சி பொறுப்பைக் கைகழுவியது. இங்கே ஏறக்குறைய 600 கல்வி மாவட்டங்கள். பாதுகாப்பு விதிகளை நிறைவேற்ற முடியாத மாவட்டங்கள் முழுக்க இணையவழியிலேயே ஆண்டைத் தொடங்கலாம் என்று 2020 ஆகஸ்ட் 12 அன்று ஆளுநர் சொல்லிவிட்டார். விதிகளை நிறைவேற்ற முடியாதவை எந்த மாவட்டங்கள்? பழைய கட்டடம், நெரிசலான வகுப்பு, திறக்காத ஜன்னல் உள்ளவை. அதாவது ஏழை மாவட்டங்கள். அவற்றுக்கு வேண்டியதைச் செய்துகொடுப்பதற்குப் பதிலாக, மூடிக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். இதே மாநிலத்தில் அட்லாண்டிக் சிட்டியின் சூதாட்ட விடுதிகள் 2020 ஜூலை 2 அன்று திறந்தன. செப்டம்பர் 1 முதல் ஜிம்கள். செப்டம்பர் 4 முதல் உணவகங்களுக்குள் உட்கார்ந்து சாப்பிடலாம். எல்லாமே நான்கில் ஒரு பங்குக் கூட்டத்தோடு என்பது நிபந்தனை. நான்கில் ஒரு பங்குக் கூட்டத்தோடு சூதாட்டம் நடத்த வழி கண்டுபிடித்த அரசாங்கத்துக்கு, நான்கில் ஒரு பங்கு வகுப்பு நடத்த வழி தெரியாமல் போயிற்றா? நியூவர்க் நகரின் பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்பத் தொடங்கியது 2021 ஏப்ரல் 12 அன்று.

கலிபோர்னியா வார்த்தைகளால் பாதுகாத்தது. நோய் அதிகமுள்ள மாவட்டங்களில் பள்ளிகள் திறக்கக் கூடாது என்று ஆளுநர் நியூசம் 2020 ஜூலை 17 அன்று அறிவித்தார். தொடக்கப் பள்ளிகள் விலக்குக் கேட்கலாம் என்று ஒரு சந்து விட்டிருந்தார்கள். சிறிய தனியார் பள்ளிகள் பல அந்தச் சந்தில் நுழைந்து திறந்துகொண்டன. பெரிய அரசுப் பள்ளிகள் மூடியே கிடந்தன. சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததைக் கதையாக எழுதினால் நம்பமாட்டார்கள். 2021 ஜனவரி 26 அன்று, வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கையில், 44 பள்ளிகளின் பெயரை மாற்றலாம் என்று கல்வி வாரியம் வாக்களித்தது. பிப்ரவரி 3 அன்று, பள்ளிகளைத் திறக்கத் திட்டம் இல்லை என்று சொல்லி அந்த நகரமே தன் கல்வி மாவட்டத்தின் மேல் வழக்குப் போட்டது. சிறு குழந்தைகள் ஏப்ரலில்தான் திரும்பத் தொடங்கினார்கள். நடுநிலை, உயர்நிலைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தக் கல்வியாண்டு முழுக்கத் திரும்பவே இல்லை. 2022 பிப்ரவரி 15 அன்று வாரிய உறுப்பினர் மூவரை மக்கள் வாக்களித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் இந்தியாவிலிருந்து குடியேறிய தந்தை சிவா ராஜ். பள்ளிப் பெயர்களில் இருந்த அநீதியைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் ஒன்று உண்டு. பிள்ளை உள்ளே இல்லாத கட்டடத்துக்குப் பெயர் வைப்பது அந்த நேரத்து வேலை இல்லை.

இதுவரை படித்துத் தலையாட்டிய டெக்சஸ் நண்பர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். உங்கள் மாநிலம் ஒன்றைச் சரியாகச் செய்தது. ஆண்டுத் தொடக்கத்தின் சில வாரங்களுக்குப் பிறகு, நேரில் வர விரும்பும் பிள்ளைக்கு வகுப்பறை திறந்திருக்க வேண்டும், வீட்டிலிருந்து படிக்க விரும்பும் பிள்ளைக்கு அதற்கும் வழி இருக்கலாம் என்று 2020-21இல் குடும்பத்தின் கையில் தெரிவைக் கொடுத்தது. ஆனால் நோயைத் தடுக்க உள்ளூர்ச் சுகாதார அதிகாரிகள் முன்கூட்டியே பள்ளிகளை மூட முடியாது என்று 2020 ஜூலையில் சொன்னவர் உங்கள் அட்டர்னி ஜெனரல். பள்ளிகள் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2021 மே மாதத்தில் ஆணையிட்டவர் உங்கள் ஆளுநர். அந்த ஆகஸ்டில் டெல்டா அலை வந்தது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே யாருக்கும் தடுப்பூசி இல்லை, அது நவம்பரில்தான் வந்தது. முகக்கவசம் கட்டாயமாக்கத் தடை. இணையவழி வகுப்புக்கு அரசுப் பணமும் நின்றுபோயிருந்தது. அதற்கான சட்டம் செப்டம்பர் 9 அன்றுதான் கையெழுத்தானது. தெரிவைப் பற்றி அவ்வளவு பேசிய மாநிலம், தெரிவு மிகவும் தேவைப்பட்ட மாதத்தில் அதைப் பறித்துக்கொண்டது. கதவைத் திறந்துவிட்டுக் குடையைப் பிடுங்கிக்கொள்வதற்குத் துணிச்சல் என்று பெயர் வைக்கக் கூடாது.

விளைவுகளுக்கு வருவோம். 2022இல் நடந்த தேசியக் கல்வித் தேர்வில் எட்டாம் வகுப்புக் கணக்கு 8 புள்ளிகள் விழுந்தது, நான்காம் வகுப்புக் கணக்கு 5 புள்ளிகள். 1990இல் இந்தக் கணக்குத் தேர்வு தொடங்கியதிலிருந்து இவ்வளவு பெரிய வீழ்ச்சி இல்லை. மூடலை ஆதரித்தவர்கள் இங்கே ஒரு சீட்டை இறக்குவார்கள்: எட்டாம் வகுப்புக் கணக்கில் கலிபோர்னியா டெக்சஸைவிட மோசமாக விழவில்லையே? உண்மை. மாநிலச் சராசரியை வைத்துப் பார்த்தால் பள்ளி திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பது எல்லாவற்றையும் விளக்காது. வேலை இழப்பு, சாவு, பயம், வராத ஆசிரியர் என்று எத்தனையோ சேர்ந்து விழுந்த வீழ்ச்சி அது.

சராசரிக்குக் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். டான் கோல்ட்ஹேபர், தாமஸ் கேன் முதலியோர் 2022இல் வெளியிட்ட ஆய்வு அதைச் செய்தது. நேர்வகுப்பு நடந்த இடங்களிலும் பிள்ளைகள் ஓரளவு பின்தங்கினார்கள். ஆனால் அங்கே கணக்கில் ஏழைப் பள்ளிக்கும் வசதியான பள்ளிக்கும் நடுவில் இடைவெளி விரியவில்லை. நீண்ட நாள் இணையவழியில் இருந்த இடங்களில் விரிந்தது. அப்படி இருந்த ஏழைப் பள்ளிகளின் பிள்ளைகள் ஏறக்குறைய அரை ஆண்டுக் கணக்குப் பாடத்தை இழந்தார்கள். 2024 தேர்வில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் வாசிப்பில் அடிப்படை நிலையைக்கூட எட்டவில்லை. மேலே இருப்பவர்கள் ஓரளவு மீண்டுவிட்டார்கள், கீழே இருப்பவர்கள் மீளவில்லை. "நம்ம பசங்க நல்லாத்தானே இருக்காங்க?" என்ற கேள்வியின் மறுபக்கம் இதுதான்.

நாம் எங்கே நின்றோம்? 2021இன் தொடக்கத்தில் நடந்த அரசுக் கணக்கெடுப்பில், நான்காம் வகுப்பு ஆசியப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் முழுக்க இணையவழியில் இருந்தார்கள். வெள்ளையர் பிள்ளைகளில் அது கால்வாசியை ஒட்டியே இருந்தது. பள்ளி திறந்த ஊர்களிலும் நம்மவர் பிள்ளைகளை அனுப்பவில்லை.

இதற்கு நல்ல காரணம் இருந்தது. அதைக் கிண்டல் செய்பவரோடு நான் சேரமாட்டேன். வீட்டில் பாட்டி தாத்தா. 2020 பிப்ரவரியில் பேரனைப் பார்க்க வந்தவர்கள், மார்ச்சில் இந்தியா விமானங்களை நிறுத்தியதும் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கையில் ஒரு விசிட்டர் இன்ஷூரன்ஸ். எச்-1பியில் இருக்கும் அப்பா ஐசியுவில் படுத்தால் குடும்பத்துக்கு வேலையோடு விசாவும் போகும். 2021 ஜூன் வரைக்குமான கணக்கில் அமெரிக்காவில் 1,40,000 குழந்தைகளுக்கு மேல் தாயையோ தந்தையையோ வளர்த்த பாட்டி தாத்தாவையோ இழந்திருந்தார்கள். இந்த எண்ணைச் சொல்லாமல் பள்ளித் திறப்பைப் பற்றிப் பேசுபவர் பாதிதான் பேசுகிறார். அந்தப் பயத்தோடு பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்ட எந்தத் தாயையும் நான் கேள்வி கேட்கமாட்டேன்.

கேள்வி அதற்கு அடுத்த படியில் வருகிறது. என் பிள்ளையை அனுப்பமாட்டேன் என்பது ஒரு குடும்பத்தின் முடிவு. பள்ளியையே திறக்காதே என்பது அடுத்த வீட்டுப் பிள்ளையின் மேல் எடுக்கும் முடிவு. 2020 கோடையில் எங்கள் பக்கத்துப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் இரண்டும் ஒன்றாகக் கலந்துபோயின. கல்வி வாரியத்துக்கு அனுப்ப மனு தயாரானது. அதே குழுவில், அதே வாரத்தில், நான்கு பிள்ளைகளை ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் சேர்த்து உட்காரவைத்துச் சம்பளத்துக்கு ஆசிரியர் வைப்பது பற்றிய விவாதமும் ஓடியது. வாரத்தில் மூன்று நாள் கணக்கு டியூஷன், ஒரு நாள் கோடிங். பள்ளி ஆபத்து என்றவர்கள் பள்ளியின் சிறு பதிப்பு ஒன்றைத் தங்களுக்காகக் கட்டிக்கொண்டார்கள். மனுவில் அந்த பேஸ்மென்ட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்த நாட்களில் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு மளிகைக் கடைக் கல்லாவில் ஒரு தமிழ்ப் பெண் நின்றார். கணவர் பெட்ரோல் பங்க்கில். பையன் மூன்றாம் வகுப்பு. காலையில் அவனுக்கு டப்பாவில் சோறு கட்டி வைத்துவிட்டு, கதவை யார் தட்டினாலும் திறக்காதே என்று சொல்லிவிட்டு வேலைக்கு வருவார். நமக்குக் கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் தடையில்லாமல் கிடைத்தது அப்படித்தான். ஒருநாள் சொன்னார்: "ஸ்கூல் இருந்தா யாராவது அவனைப் பார்த்துக்குவாங்கன்னு ஒரு தைரியம் இருந்துச்சுண்ணா. இப்ப கேமராவை ஆஃப் பண்ணிட்டு யூடியூப் பாக்குறான். மிஸ்ஸுக்கும் தெரியல, எனக்கும் தெரியல." குழுவில் இந்தப் பையனைப் பற்றிக் கேட்டேன். ஒருவர் பதில் போட்டார்: "அவங்களுக்கெல்லாம் வேற ஏதாவது ஏற்பாடு பண்ணுவாங்க."

யார் பண்ணுவாங்க? தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும். அந்தக் கோடையில் நம் சமூகம் அந்த வசதியை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது.

அவனும் நம்மவன்தான், தமிழ்ப் பிள்ளை. 'நம்ம பசங்க' என்ற கணக்கில் அவன் வரவில்லை. கிடங்கில் வேலை செய்யும் மெக்சிகோக்காரரின் மகளும் வரவில்லை, முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஹெய்ட்டிக்காரியின் மகனும் வரவில்லை. அந்த 'நம்ம' மொழியால் ஆனதில்லை, ஊரால் ஆனதும் இல்லை. தனி அறையும் வீட்டிலிருந்து செய்யும் வேலையும் உள்ளவர்கள் என்பதே அதன் பொருள்.

பள்ளியைப் பாதுகாப்பாகத் திறக்க முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். முடியும் முடியாது என்று கத்தியவர்களில் மிகச் சிலரே ஜன்னலைப் பற்றிப் பேசினார்கள். கல்வி மாவட்டங்களில் 41 சதவீதத்துக்குத் தங்கள் பள்ளிகளில் பாதியிலாவது காற்றோட்ட, வெப்பமூட்டும் கருவிகளை மாற்றவோ செப்பனிடவோ வேண்டியிருக்கிறது என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2020 ஜூனிலேயே அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு கோடையில் ரிச்சர்ட் கோர்சி என்ற பொறியியல் பேராசிரியரும் ஜிம் ரோசன்தால் என்ற டெக்சஸ் வடிகட்டித் தயாரிப்பாளரும் சேர்ந்து ஒரு எளிய பெட்டியை உருவாக்கினார்கள். ஒரு சதுர மின்விசிறி, நான்கைந்து காற்று வடிகட்டிகள், ஒட்டுநாடா. அரை மணி நேர வேலை, நூறு டாலருக்குள் செலவு. கிருமியைச் சுமக்கும் துகள்களை வகுப்பறைக் காற்றிலிருந்து அது பெருமளவு பிடித்துவிடும். பொறியாளர்கள் நிறைந்த சமூகம் நம்முடையது. மனு எழுதிய கைகள் பெட்டி கட்டியிருக்கலாம்.

பணமும் இல்லாமல் இல்லை. 2020 மார்ச், 2020 டிசம்பர், 2021 மார்ச் என மூன்று சட்டங்களில் பள்ளிகளுக்கு ஏறக்குறைய 190 பில்லியன் டாலர் கொடுத்தார்கள். அதில் பெரும்பகுதி மூன்றாவது சட்டத்தில், அந்தக் கல்வியாண்டு முக்கால்வாசி முடிந்த பிறகு வந்தது. முதல் கோடையிலேயே அந்தப் பணத்தில் ஒரு பங்கு நியூவர்க்குக்கும் ஓக்லண்டுக்கும் போயிருந்தால், தங்கள் உயிருக்குப் பயந்த ஆசிரியர்களிடம் காட்ட ஒரு காற்றுப் பெட்டியும் நல்ல முகக்கவசமும் இருந்திருக்கும். அவர்கள் பயம் நியாயமானது. வெறுங்கையோடு வா என்று சொன்னால் எந்தச் சங்கமும் வராது என்றுதான் சொல்லும்.

ஊரைப் பார்த்துப் பெருமூச்சு விடவும் முழு உரிமை நமக்கு இல்லை. தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகள் முதலில் திறந்தது 2020 மே 7. தொடக்கப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1. நடுவில் 2020 நவம்பரில் பள்ளிகளைத் திறப்பதாக அறிவித்து, பெற்றோரைக் கூட்டிக் கருத்துக் கேட்டு, மூன்று நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஏறக்குறைய பத்தொன்பது மாதம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வகுப்பறையைப் பார்க்கவில்லை. அட்லாண்டிக் சிட்டிக்கும் டாஸ்மாக்குக்கும் நடுவில் ஒரு கடல்தான் இருக்கிறது, கொள்கை வேறுபாடு இல்லை.

ஆனால் அதன் பிறகு தமிழ்நாடு செய்த ஒன்றை இந்தப் பணக்கார நாடு அதே அளவில் செய்யவில்லை. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கினார். ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருவின் படித்த பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, மாலையில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இதன் பலனை அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அளந்தார்கள். 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணக்கிலும் தமிழிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது. வசதி குறைந்த பிள்ளைகள் வேகமாக மீண்டார்கள். இங்கே நடந்தது இதற்கு நேர்மாறு.

அடுத்த தொற்று வரும். அப்போது நம் குழுக்களில் முதல் செய்தி எப்படி இருக்க வேண்டும் என்று இப்போதே முடிவு செய்துகொள்வோம். சூதாட்ட விடுதியும் மதுக்கடையும் மூடாத ஊரில் பள்ளி மூடக் கூடாது. பள்ளியைத் திறக்கச் சொல்வதற்கு முன் காற்றுக்கும் ஆசிரியருக்கும் பணம் வர வேண்டும். வீட்டில் முதியவரும் நோயாளியும் உள்ள குடும்பத்துக்கு வீட்டிலிருந்து படிக்கும் வழி இருக்க வேண்டும். அந்த வழியில் போகும் குடும்பம் அடுத்தவர் பிள்ளையின் வகுப்பறைக் கதவைப் பூட்டக் கூடாது.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. நம் தமிழ்ப்பள்ளிகள் பல, சனி ஞாயிறுகளில் அரசுப் பள்ளிக் கட்டடங்களில் வாடகைக்கு நடக்கின்றன. வகுப்புத் தொடங்கும்போது ஆசிரியை முதலில் சொல்வது, "மேசைக்குள்ள இருக்கறதைத் தொடாதீங்க" என்பது. மேசைக்குள் வேறொரு பிள்ளையின் நோட்டும் பென்சிலும் இருக்கும். அந்தப் பிள்ளை யார் என்று நாம் கேட்டதில்லை. சம்பளம் இல்லாமல் வாராவாரம் வரும் நூற்றுக்கணக்கான பெற்றோர்களை ஒருங்கிணைக்க நமக்குத் தெரியும். பாடத்திட்டம் எழுத, வருகைப்பதிவு எடுக்க, ஆண்டுவிழா நடத்தத் தெரியும். அதே கட்டடத்தில், தமிழ் வகுப்பு முடிந்த பிறகு இரண்டு மணி நேரம், அந்தப் பள்ளியின் எந்தப் பிள்ளைக்கும் காசு வாங்காமல் கணக்கும் வாசிப்பும் சொல்லிக்கொடுக்க முடியும். அப்போது எட்டாம் வகுப்பில் இருந்து இன்று கல்லூரியில் இருக்கும் நம் பிள்ளைகளே முதல் ஆசிரியர்களாக இருக்கலாம். இழந்த ஆண்டு எப்படி இருந்தது என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

செப்டம்பரில் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகும்போது பள்ளி முதல்வரிடம் கேளுங்கள்: உங்கள் பள்ளியில் இன்னும் பின்தங்கி இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், சனிக்கிழமை எத்தனை மணிக்கு அவர்களால் வர முடியும்?